வழித்த டப்பா

அவன் டப்பாவை மூக்கருகே கொண்டுபோனான்.

கீரை வாசம் இல்லை. முட்டை வாசம் இல்லை. வெறும் எவர்சில்வர்.

மூடியின் ரப்பர் வளையத்தில்கூட ஒரு பச்சைத் துணுக்கு ஒட்டியிருக்கவில்லை.

எந்தப் பிள்ளை முருங்கைக்கீரையை இப்படி வழித்துத் தின்னும்?

“சாப்ட்டியா கண்ணு?”

“ம்.”

“எல்லாமா?”

“எல்லாந்தாம்ப்பா.”

பிரணிதா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்பு. சீருடைப் பாவாடை நழுவாமலிருக்க இடுப்பில் ஊக்கு குத்தியிருந்தது.

அவள் கையைப் பிடித்து முகர்ந்தான். சோப்பு வாசம்.

சந்தேகம் கெட்டியானது.

பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் பிள்ளைக்கு ரத்தம் கம்மி என்றார்கள். கீரை கொடுங்கள், முட்டை கொடுங்கள், பயறு கொடுங்கள். அவன் மனைவி கோமதி மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். பனியன் கம்பெனி வேன் விடியுமுன் வாசலில் நிற்கும். அதற்குள் கீரையை வதக்கி, முட்டையை வேகவைத்து, டப்பாவைக் கட்டி, ஹாட்பாக்ஸில் இட்லியை அடுக்கி, பிள்ளையை எழுப்பி உட்காரவைத்துவிட்டு ஓடுவாள். அவனுக்கு ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்ட். அவள் போன பிறகுதான் வந்து சேருவான்.

ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில் புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான்.

“கீரைய நெசமாத் தின்றாளான்னு பாருங்க. எனக்கென்னமோ நம்பிக்கையில்லைங்க.”

அவனுக்கும் இல்லை. சிறுவயதில் தன் தட்டிலிருந்த கீரை எந்த ஜன்னல் வழியே போனது என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. கன்னம் ஒட்டியே கிடக்கிறது. உடம்பில் பிடிக்கவில்லையென்றால் வயிற்றுக்குள் போகவில்லை. வேறென்ன?

புத்தகப் பையைக் கவிழ்த்துக் கொட்டினான். பென்சில் சீவல்தான் விழுந்தது.

பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஆட்டோக்காரரை மடக்கினான். வழியில் எதையாவது வீசுகிறாளா?

“அட போங்கண்ணா. என்ற வண்டியில குப்ப போடாத ஒரே உருப்படி அதுதான்.”

அப்படியானால் பள்ளிக்கூடத்தில்.

மறுநாள் காலை அவன் வந்தபோது சீருடையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“சாப்ட்டியா?”

“ம்.”

அவன் ஹாட்பாக்ஸைத் திறந்தான். ஆவி முகத்தில் அடித்தது. ஷிப்ட் முடிந்ததும் மில் கேன்டீனில் உப்புமா போடுவார்கள். வாயில் வைக்க முடியாது. அவன் அந்தப் பக்கமே போவதில்லை. வீட்டில் இட்லி இருக்கும்போது அது எதற்கு?

ஒன்று மிச்சமில்லாமல் தின்றான்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தையல்ல, தட்டை.

கள்ளப் பார்வை என்று அவனுக்குப் பட்டது.

அன்று தூங்கவில்லை. மதியம் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். பள்ளியின் கம்பிக் கேட்டுக்கு வெளியே ஐஸ் வண்டியின் பின்னால் நின்றான்.

வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குப்பைத் தொட்டி. ஒரு சாக்கடை. மரத்தடியிலேயே ஒரு நாய் படுத்திருந்தது.

நாய்தான், என்று முடிவு செய்தான்.

பிரணிதா டப்பாவைத் திறந்தாள்.

முதலில் கீரை. பிறகு சோறு. முட்டை இரண்டே வாயில் போனது. யாரோடும் பேசவில்லை. டப்பாவின் ஓரத்தை விரலால் சுற்றி வழித்தாள். விரலை நக்கினாள்.

பிறகு காலி டப்பாவைப் பக்கத்துப் பிள்ளையின் முன் நீட்டினாள். அந்தப் பிள்ளை தன் சோற்றில் கிடந்த காரட்டையும் பீன்ஸையும் முகஞ்சுளித்துப் பொறுக்கி அதில் போட்டது.

அதுவும் போனது.

நாய் எழுந்து வேறு வரிசைக்கு நடந்தது.

அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வேகம் அவனுக்குத் தெரிந்த வேகம். ஷிப்ட் முடிந்து வந்து தட்டின் முன் உட்காரும்போது அவனுக்கு வருவது.

பக்கத்துப் பிள்ளை அவனைப் பார்த்துவிட்டது. கேட்டருகே ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது.

“அங்கிள், தெனமும் இவ இட்லிய நீங்கதான் சாப்ட்டர்றீங்களாமா?”

“சஃப்ரீன்!”

பிரணிதா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பைக்கின் மேல் உட்கார்ந்து போனை எடுத்தான். கோமதியை அழைத்தான். பின்னால் தையல் மெஷின்கள் இரைந்தன.

“ஹாட்பாக்ஸ்ல இட்லி யாருக்கு வெக்கறே?”

“இதென்ன கேள்வி? புள்ளைக்குத்தான். நீங்கதான் கேன்டீன்ல தின்னுட்டு வர்றீங்களே.”

“ஆமா.”

“ஏங்க, திங்கறதில்லையா அவ?”

“தின்றா. கீரையெல்லாம் தின்றா.”

மறுநாள் காலை வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே குழாயடிக்குப் போனான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான்.

அவள் கட்டிலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹாட்பாக்ஸ் மூடியபடி இருந்தது. அவன் அதைத் தூக்கி அவள் முன்னால் வைத்தான்.

“சாப்டு கண்ணு.”

“நீங்க?”

“மில்லுலயே சாப்ட்டேன்.”

“உப்புமாவா?”

“ம்.”

“எல்லாமா?”

“எல்லாந்தான்.”

அவள் மூடியைத் தொடவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள்.

அவன் வலது கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.