பன்னிரண்டு பக்கம்

சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியையின் அறையிலிருந்து மாடிவீட்டுக்காரி சிரித்த முகமாக வெளியே வந்தாள். கையில் அவள் மகளுக்கென்றே தனியாகப் போட்ட படிப்புத் திட்டம், பன்னிரண்டு பக்கம். வரிசையில் நின்ற கீழ்வீட்டுக்காரிக்கு அதை வாங்கிப் புரட்டியதும் வயிறு பற்றி எரிந்தது. அவள் மகனுக்குக் கொடுத்தது ஒன்றரைப் பக்கம்.

"ஏன் டீச்சர் இந்த ஓரவஞ்சனை?" உள்ளே போனதுமே வெடித்தாள். "அவ பொண்ணுக்கு முன்வரிசை, பரீட்சையில அரைமணி கூடுதல், துணைக்கு ஒரு ஆயா! தன் பேரைக்கூட எழுதத் தெரியாதவ, யாரைக் கைக்குள்ள போட்டுக்கிட்டு இதையெல்லாம் வாங்குனா?"

"விண்ணப்பத்துல இருந்ததை வச்சுத்தாம்மா குடுத்தோம்."

ஆசிரியை இரண்டு விண்ணப்பங்களையும் அருகருகே வைத்தார். 'குழந்தைக்கு எதெல்லாம் சிரமம்?' என்ற கேள்விக்கு, மாடிவீட்டுப் பெண்ணின் தாளில் இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் எழுதியிருந்தது. பொத்தான் போட வராது, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள், இன்னும் என்னென்னவோ. மற்றதில் ஒரே வரி: 'ஒன்றுமில்லை. எல்லாம் தானே செய்வான்.'

இரண்டிலும் ஒரே கையெழுத்து. மாடிவீட்டுக்காரி சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவள் கீழ்வீட்டுக்காரியேதான்.

"அவங்களுக்கு எழுதுன மாதிரி உங்க பிள்ளைக்கும் எழுதியிருக்கலாமே?"

"நாலு பேருக்குத் தெரிஞ்சுடுமேன்னு..."

ஆசிரியை பேனாவை நீட்டினார். அவள் அந்த ஒற்றை வரியை அடித்தாள். மிச்சமிருந்த இடத்தை விரலால் அளந்தாள்.

"இடம் பத்தாது டீச்சர். இன்னொரு தாள் குடுங்க."