சூடானால் ஏறாத வண்டி

திராட்சைத் தோட்டத்துச் சரிவில் மினி டிராக்டர் பின்னால் உருண்டு, நடந்து வந்த முத்தையனின் கால் முறிந்தது. ஓட்டியவள் அவர் மனைவி இன்பவல்லி. "பெடல்லேருந்து காலை எடுத்திருப்ப," என்றார் அவர். அவள் எடுக்கவில்லை. காலையில் ஏறுகிற வண்டி மதியம் ஏன் வழுக்குகிறது என்றுதான் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் வரவழைத்த மெக்கானிக் ரபீக் ஓட்டிப் பார்த்தபோது வண்டி சுலபமாக ஏறியது. "ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிட்டு ஏத்துங்க பாய்," என்றாள். அப்படியே செய்தார். பாதிச் சரிவில் எஞ்சின் உறுமியது, ஆனால் சக்கரங்கள் நின்று, மெல்லப் பின்னால் நகர்ந்தன. பிரேக் போட்டு இறங்கிய ரபீக், எண்ணெய் ஃபில்டரைக் கழற்றினார். அடைப்பில்லை. வழிந்த எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது கியர் இல்லாத வண்டி அக்கா, எண்ணெய் அழுத்தத்துலதான் ஓடும். இதுல ஊத்தியிருக்கிறது வேற எண்ணெய். சூடானா தண்ணியாயிடும், இழுக்காது. யாரு ஊத்துனது?" "போன மாசம் அவருதான்," என்றாள். ஒரு டம்ளரில் அந்த எண்ணெயைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். ஜன்னலோரம் படுத்திருந்த முத்தையனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் டம்ளரை அவர் பக்கத்தில் ஜன்னல் திட்டில் வைத்தாள். அவர் கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி, அவள் உட்காரக் கட்டிலில் இடம் விட்டார்.