ஊருக்குத் தெரிந்த சத்தம்

பலாபத்வல கராஜில், இத்ரூஸின் பழைய வேனைப் பார்த்து முடித்த மெக்கானிக் ஸப்ரி நிமிர்ந்தான்.

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல இத்ரூஸ் நானா. இன்னும் தாராளமா ஓடும். ஏன் மாத்தச் சொல்றீங்க?"

"சத்தம் கூடிப்போச்சு."

"சைலன்ஸர மாத்தலாமே?"

"மாத்திப் பாத்தாச்சு. அந்தத் தடதடப்பு போகல்ல."

"டீசல் எஞ்சின் அப்படித்தான் தட்டும். பாதி வழியில நின்னிருக்கா?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு நாளும் இல்ல."

இத்ரூஸ் எஞ்சின்மீது கை வைத்தார். வீட்டில் பேசியதைவிட அதனோடு அவர் பேசியதுதான் அதிகம்.

"பிறகென்ன நானா? இந்தச் சத்தம் கேட்டாலே ஊர்ச் சனமெல்லாம் வாசலுக்கு வந்துருமே. வேற எந்த வேனுக்கு அந்த மரியாத இருக்கு?"

"அதுதான் ஸப்ரி பிரச்சின."

இத்ரூஸ் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து டயருக்குக் காத்தடிக்க அலுவிகாரைக்குப் போனேன். நூருன்னிஸா மாமி வீட்டத் தாண்டித்தான் போகணும். அவங்க சொகமில்லாம படுத்திருக்காங்க, தெரியும்தானே?"

"ஓ, கேள்விப்பட்டேன்."

"சத்தம் கேட்டதும் மகளக் கூப்பிட்டாங்களாம். 'ஜனாஸா வேன் வந்துருச்சே, நான் இன்னும் மவுத்தாகல்லயே புள்ள'ன்னு கேட்டாங்களாம்."

ஸப்ரி, இறந்தவர்களைச் சுமந்து செல்லும் அந்த வேனின் திறந்திருந்த பொனட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, சத்தம் வராமல் மூடினான்.