வாவிக்கரைப் பசுமைக் குடில்

"மாமா, கேக்குதா? சேர்ட்டிபிக்கற் குடுக்கிற அம்மா பக்கத்துல இரிக்காங்க. நீங்க தமிழ்லயே சொல்லுங்க. நான் இங்கிலீஷ்ல சொல்லுவன்."

சிட்னியின் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு எதிரே, மளிகைக் கடை மாடியில் இருந்தது ரைஹானாவின் பயண அலுவலகம். சமாதானப் பேச்சு தொடங்கிய கையோடு, மட்டக்களப்பு வாவிக்கரையில் மாமா ஜலால்தீனின் வளவுக்குள் பதினைந்து ஓலைக் குடில் போட்டு, 'இயற்கையோடு ஏழு நாள்' என்று விளம்பரம் செய்திருந்தாள்; ஏற்கெனவே ஒருசிலர் போய்த் தங்கியும் வந்திருந்தார்கள். பசுமைச் சான்றிதழ் மட்டும் கிடைத்துவிட்டால் முப்பது பேர் கொண்ட குழுவொன்று புறப்படத் தயாராக இருந்தது.

ஆய்வாளர் ஜூடித், நரைத்த தலையைக் கொண்டையாக முடிந்தவர், பேனாவைத் திறந்தார். "ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயருங்கள்," என்றார் ஆங்கிலத்தில். "மின்சாரம் எப்படி?"

போன் ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கரகரத்தது. "கறண்டா? ராவு முழுக்க ஜெனரேட்டர் ஓடுது மகள். ஏசி இல்லாட்டி ஒரு வெள்ளக்காரனும் ரெண்டாம் நாள் நிக்கிறானில்ல."

ரைஹானா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினாள். "குப்பி விளக்குத்தான். விருந்தினர் அதைத்தான் விரும்புகிறார்களாம்."

"உணவு?"

"நம்மட மீனத் திங்கப் பயப்படுறாங்க. கொழும்புல இருந்து டின் மீன் எடுப்பிச்சிக் குடுக்கன்."

"அன்றன்று வாவியில் பிடித்த மீன்."

ஜூடித் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். "கரையோர மரங்கள்?"

மாமாவின் குரல் இறங்கியது. "அதத்தான் மகள் நானும் சொல்ல இருந்தன். கட்டில்ல படுத்துக்கிட்டு வாவியப் பாக்க ஏலாதாம், கண்டல் மரம் மறைக்குதாம். வெட்டச் சொன்னாங்க, முழுசா வெட்டிப்போட்டன். இப்ப அந்த வேருக்குள்ள வளர்ற இறாலும் இல்ல, நண்டும் இல்ல. மீன் புடிக்கிற ஆக்கள் என்னோட கதைக்கிறதும் இல்ல."

ஜூடித்தின் பேனா நின்றது.

ரைஹானா மேசையைப் பார்த்தாள். ஊருக்கு நல்லது செய்யத்தான் இதைத் தொடங்கினாள், அதுவும் பொய்யில்லை. ஆனால் முப்பது பேரின் பெயர்ப்பட்டியல் அங்கே கிடந்தது.

"கண்டல் காட்டை ஊரே கூடிக் கண்ணாகக் காக்கிறதாம்," என்றாள்.

ஜூடித் மெல்லத் தலையசைத்து, படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை வழியனுப்ப வந்த ரைஹானா, முடிவு எப்போது தெரியும் என்று பணிவாகக் கேட்டாள்.

ஜூடித் படியில் நின்று திரும்பினார்.

"முடிவ மாமாக்கு நானே தமிழ்ல சொல்றன், மகள்."