பிரசங்கியாரின் நாட்குறிப்பு

கென்டக்கி மலைகளில் குதிரையேறி வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்த எல்கானாவின் வம்சத்தில், மிஞ்சியவள் வெர்டி ஒருத்திதான். நூலகத்தில் அவருடைய 1811ஆம் வருடத்து நாட்குறிப்பைப் புரட்டினாள். யார் வீட்டில் என்ன சாப்பாடு, எத்தனை ஆள் என்று தினமும் எழுதியிருந்தார்.

கடைசி வரி: "வெர்டி வீடு. பீன்ஸ், கருகிய சோளரொட்டி. ஒரே ஆள், ஒரே தட்டு. உட்காரச் சொல்லவில்லை."

நேற்று மதியம்தான் அவள் ரொட்டியைக் கருகவிட்டிருந்தாள்.

"என்ன வெர்டியக்கா, சொந்தக்காரங்க யாராச்சும் கெடைச்சாங்களா?" என்றாள் நூலகத்துப் பெண்.

"ஒருத்தர் கெடைச்சாரு கண்ணு. பட்டினி போட்டு அனுப்பிட்டேன்."

மறுநாளிலிருந்து மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். எதிர் நாற்காலிக்கு யாரும் வரவில்லை.

அடுத்த வாரம் நாட்குறிப்பில், அதே மங்கிய மையில், இன்னொரு வரி இருந்தது:

"வெர்டி வீடு. இரண்டு ஆள்."