பழைய பம்பு

“பம்பை மாத்தலைன்னு நீங்களே ஒத்துக்கறீங்களா, பாய்?”

தனப்பிரியா கேட்டாள். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் ஜாபர், தரையைப் பார்த்தபடி தலையசைத்தார்.

“வாயத் தொறந்து சொல்லுங்க.”

“மாத்தலைம்மா.”

அவள் கணவன் சபரிநாதன் இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஜேடர்பாளையம் ரோட்டில் ஒரு கரும்பு லாரியை முந்தும்போது ஜாபர் எத்தனாலில் ஓடும்படி மாற்றிக் கொடுத்த அவனுடைய ஸ்போர்ட்ஸ் கார் பாதியில் நின்றுவிட்டது. எதிரே போர்வெல் போடும் ரிக் வண்டி வந்தது. காரைப் பிரித்துப் பார்த்த அதிகாரியின் அறிக்கை நேற்றுதான் வந்தது.

எஸ்.ஐ. ஜெகதீஸ்வரன் அதைப் புரட்டினார். “எத்தனால்னா சாராயந்தானுங்களே, பாய்? இனி வண்டிய நிறுத்துனா காரையும் ஊதச் சொல்லோணுமாட்ட இருக்குது.”

யாரும் சிரிக்கவில்லை. அவரே தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“பெட்ரோல விட எத்தனால் நெறையா வேணுங்க. அதுலயும் ஐந்நூறு குதிரை சக்தி கேட்டாரு. இன்ஜெக்டர், ஓஸ் பைப்பு, பம்பு எல்லாமே பெருசாப் போடோணும். மத்ததெல்லாம் போட்டுட்டேன்.”

“பம்பு மட்டும்?”

“டேங்குக்குள்ள பழசையே உட்டுட்டேன்.”

“உட்டா?”

“மெதுவா ஓட்டுனா ஒண்ணுந் தெரியாதுங்க. முழுசா மிதிச்சா இன்ஜினுக்கு எத்தனால் பத்தாது. சூடேறி இறுகி நின்னுரும்.” ஜாபர் தயங்கினார். “அதனாலதான் லேப்டாப்ல பவரக் கொறைச்சு வெச்சிருந்தேன். அவரு அதை ஏத்திக்கிட்டாருங்க.”

“ஏமாத்துனது பத்தாதுன்னு செத்தவரு மேலயே பழியா?” என்றாள் தனப்பிரியா.



அவள் கைப்பையிலிருந்து பில்லை எடுத்து மேஜையில் வைத்தாள். வேலை முடிந்து கார் வந்த அன்று சபரிநாதன் இதை அவளிடம் வரிவரியாகப் படித்துக் காட்டினான். பாய் கை வைத்த வண்டியை இன்னொருவன் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னான்.

“இதுல பம்புன்னு எழுதியிருக்குது. கையெழுத்து உங்களுதுதானுங்களே?”

“என்னுதுதான்.”

“புதுப் பம்பு எங்க?”

“ஷெட்டுல இருக்குது. பொட்டியக்கூடப் பிரிக்கலை.”

எஸ்.ஐ. பேனாவை மேஜையில் போட்டார். “வித்துத் தின்னுட்டேன்னு சொன்னாக்கூட எனக்கு வெளங்கும் பாய். வாங்கியும் வெச்சு, எழுதியும் குடுத்து, மாட்டாம உட்டேன்னா என்னங்க அர்த்தம்?”



“அவரு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனாரு?” தனப்பிரியாவின் குரல் உடைந்தது. “அண்ணன் மாதிரின்னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு.”

ஜாபர் முதல்முறையாக நிமிர்ந்தார். அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“அங்க என்ன பார்வை? ஓடிப் போயிரலாம்னா?”

“இல்லம்மா.” அவர் மறுபடியும் தலை குனிந்தார். “கவனக் கொறவு. எம்மேலயே எழுதிக்குங்க.”

“எழுதத்தான் போறேன்,” என்றார் எஸ்.ஐ. “ஊட்டுல யாரெல்லாம் இருக்கறாங்க?”

“சம்சாரம் நிகத். ரெண்டு பொண்ணுங்க. பெரியவ பன்னண்டாவது.”

“அப்பறம் வந்து அழுவாங்க. உங்க பக்கம் எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க.”

“ஒண்ணுமில்லீங்க.”

எஸ்.ஐ. எழுதினார். தனப்பிரியா பேனா போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அவள் ரிக் டிரைவரைத் திட்டிப் பார்த்தாள். கரும்பு லாரியைத் திட்டினாள். வேகத்துக்கு ஆசைப்பட்டதற்காகச் சபரிநாதனையே திட்டிவிட்டு, அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். யாரைச் சபிப்பது என்று தெரியாமல் இருந்தவளுக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அந்தப் பெயர் காகிதத்தில் ஏறியது.

கையெழுத்துப் போட்டாள்.

“சாட்சிக்கு ஒருத்தர் போடோணுமே,” என்றார் எஸ்.ஐ.

மாமனார் கந்தப்பன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒன்பது லாரிக்குச் சொந்தக்காரர். ஒரே மகனுக்குக் கொள்ளி வைத்த நாளிலிருந்து யாரிடமும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. ஸ்டேஷனுக்கு வரவும் மறுத்தார். தனப்பிரியாதான் வற்புறுத்திக் கூட்டி வந்தாள்.

“மாமா, வாங்க. ஒரு கையெழுத்து. அவரக் கொன்னவங்களச் சும்மா உடக் கூடாது.”

கந்தப்பன் உள்ளே வந்தார். அவள் நீட்டிய பேனாவை வாங்கவில்லை. ஜாபரின் முன்னால் போய் நின்றார்.

ஜாபர் பதறி எழுந்தார். “ஐயா, வேண்டாங்க. ஊட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்.”

“உக்காருங்க பாய்.”

அவர் எஸ்.ஐ. பக்கம் திரும்பினார்.

“அந்தப் பேர அடிச்சிட்டு எம்பேர எழுதுங்க சார். லாரிக்குப் பம்பக் கொறைச்சு வெச்சா டிரைவர் மெதுவாத்தான் போவான். எம்பையன் காரும் அப்படித்தான்னு நெனச்சு, அவனுக்குத் தெரியாம மாத்தாம உட்டுருங்கன்னு பாய் கால்ல உழுந்து கேட்டவன் நாந்தானுங்க.”