நண்டு போட்ட கோடு

குட்டையின் கல்சுவரில் ஒரு நண்டு தினமும் உச்சிப்பொழுதில், தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கீறல் போடும். மறுநாள் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து அடுத்த கீறலைப் போடும். அதன் வயிற்றடியில் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பன்னிரண்டாவது கீறல் போட்ட அன்று, அவை இறங்கி நடக்க இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரை தண்ணீர் இருக்க வேண்டுமே என்பதுதான் அதன் கவலை.

"இன்னைக்கும் தண்ணி கீறல் வரைக்கும் இருக்கு. குறையவே இல்லை," என்றது நண்டு.

கரையோரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாய்மேல் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி சிரித்தது. "தண்ணி இருக்கிற இடத்துல கீறுறே. அப்புறம் கீறல் வரைக்கும் தண்ணி இருக்குங்கிறே. நல்லா இருக்கு தாயி உன் கணக்கு! எதிர்க்கரைக்குப் போய்ப் பாரு."

நண்டுக்குக் கோபம்தான். ஆனாலும் ஆவல் விடவில்லை. எதிர்க்கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டு கீறல்களும் படிக்கட்டுபோல் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன.

"இத்தனை நாளும் நான் இறங்கிக்கிட்டா இருந்தேன்?"

கண்களை நீட்டி, கடைசிக் கீறலுக்கு அப்பால் அதே சரிவில் மனசுக்குள்ளேயே கீறிக்கொண்டு போனது. ஐந்தாவது கீறல் சேற்றில் விழுந்தது.

அன்றைக்கே குஞ்சுகளைச் சுமந்துகொண்டு வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. மதகுச் சுவரில் முதல் கீறலைப் போட்டது. விலகிப் போய் நின்று வெகுநேரம் அதையே பார்த்தது.

பின்னாலேயே பறந்து வந்த மீன்கொத்தி கேட்டது: "என்ன தெரியுது?"

"ஒத்தைக் கீறல்ல ஒண்ணும் தெரியல," என்றது நண்டு. "நாளைக்கு வா."